நம் கணக்கை நாமே எழுதுவோம்

(கல்விக் கழக வெள்ளிவிழாவின்போது சோளக்காட்டில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம்மவர் சிலர் கூடி, நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்னும் ஒரே நோக்குடன் தொடங்கிய கழகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. இதன் பயனாய்ப் பட்டம் பெற்றவர்களையும் அரசுப் பணியில் அமர்ந்தவர்களையும் இந்த அவையிலேயே காண்கிறேன். ஆயினும் படித்த அனைவருக்கும் அரசு வேலை கிடைக்காது என்பதை நாம் நன்கு அறிவோம். ஆகவேதான் விழாக் குழுவினர், "சிறு தொழிலை வெற்றியுடன் நடத்துவதற்கு இன்றியமையாத பழக்கங்கள்" என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள்.

நான் வரலாறு பயின்றவன். வணிகம் பயின்றவன் அல்லன். கல்லாப்பெட்டியின் முன் ஒரு நாளும் அமர்ந்ததில்லை. எனினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு கடமை உண்டு. அது ஒரு குறிப்பேட்டினால் வந்த கடமை. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறிப்பேட்டின் கதை

1996-ஆம் ஆண்டில் என் தமையனார் மலையடிவாரத்திலுள்ள எங்கள் ஊரில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். முதல் 15,000 ரூபாய். அதில் 8,000 ரூபாய் எங்கள் அன்னையார் ஆடு வளர்த்துச் சேர்த்த பணம். மீதி தண்டலுக்கு வாங்கிய கடன். எங்கள் தெருவில் முதன்முதலாக நம்மவர் ஒருவர் திறந்த கடை அது. அன்று தெருவே திருவிழாக் கோலம் பூண்டது. பதினான்காம் மாதம் கடை மூடப்பட்டது. தமையனார் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டார். "வியாபாரம் நம் கைக்கு ராசியில்லை" என்று ஊரார் சொன்னார்கள். நம் உறவினரும் சொன்னார்கள். அவரும் அதையே நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது அந்தக் கடையின் கடன் குறிப்பேடு என் கையில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து அதைக் கூட்டிப் பார்த்தேன். ஊரார் தரவேண்டிய பாக்கி 8,600 ரூபாய். அதில் 5,900 ரூபாய் எங்கள் உறவினர் வைத்த பாக்கி. எங்கள் வீட்டிற்கு நாள்தோறும் கடையிலிருந்து வந்த அரிசிக்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. நான் பள்ளிக்குப் போகும்போது கல்லாவிலிருந்து எடுத்துச் சென்ற பேருந்துக் கட்டணத்திற்கும் கணக்கு இல்லை. முதல் எங்கே போயிற்று என்பது அந்த ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதாமல் விட்டதிலும் இருந்தது. ராசிக்கும் அந்த இழப்பிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அந்த ஏட்டைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு மணி நேரமே ஆயிற்று. கடை நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் பட்டதாரி ஆசிரியன். அதே வீட்டில் வசித்தவன். அந்த ஒரு மணி நேரத்தை என் தமையனாருக்கு அன்று நான் கொடுக்கவில்லை. இன்று நான் பேசுவதெல்லாம் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் முயற்சியே ஆகும்.

பிறர் கையில் இருந்த கணக்கு

நம் முன்னோர்க்குக் கணக்கு புதிதன்று. ஆனால் அவர்தம் பெயர் எப்போதும் பிறருடைய ஏட்டில் இருந்தது. திருமணத்திற்கு வாங்கிய முன்பணம், பஞ்ச காலத்தில் வாங்கிய தானியம், அவற்றிற்கு ஏறிய வட்டி ஆகிய அனைத்தையும் பண்ணை முதலாளி எழுதினார். நம் பாட்டனார் கைநாட்டு வைத்தார். எழுதியவர் கையிலேயே ஏடும் இருந்தமையால் கடன் ஒரு நாளும் தீரவில்லை. தந்தையின் கடன் மகன் தலையில் விழுந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைச் செல்லாதனவாக்கியது. சட்டம் ஏட்டைக் கிழித்தது. ஆனால் நாமே ஓர் ஏடு எழுதும் பழக்கத்தைச் சட்டத்தால் தந்துவிட முடியாது. அதனை நாம்தான் கற்க வேண்டும்.

வணிகம் நம்மால் இயலாது என்பாருக்கு வரலாறு விடை கூறுகிறது. சென்னையில் 1858-இல் நம் சமுதாயத்தில் பிறந்த பி. எம். மதுரைப் பிள்ளை, இரங்கூன் சென்று கப்பல் சார்ந்த வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஈட்டியதில் பெரும்பகுதியைக் கல்விக்கும் அறத்திற்கும் வழங்கி 1913-இல் மறைந்தார். ஆகவே ஆற்றல் நம்மிடம் உண்டு. பழக்கம்தான் வேண்டும். அப்பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு பணப்பைகள்

முதலாவது பழக்கம், கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைப்பது. கடையில் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் விற்றால் அந்த 3,000 ரூபாயும் நம் வருமானம் என்று மனம் மயங்குகிறது. அதில் 2,500 ரூபாய் நாளைக்குச் சரக்கு வாங்க வேண்டிய பணம். அது நம்மிடம் ஓர் இரவு தங்கிச் செல்லும் விருந்தாளி. அதைச் செலவிட நமக்கு உரிமை இல்லை.

இதற்கு எளிய வழி உண்டு. கடை நடத்துபவர் தமக்கென்று ஒரு கூலியை முதலிலேயே வரையறுத்துக் கொள்ள வேண்டும். நாட்கூலியோ வாரக் கூலியோ, அதை மட்டுமே வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டிற்கு ஒரு சோப்பு வேண்டுமானாலும் அந்தக் கூலியிலிருந்து பணம் கொடுத்தே வாங்க வேண்டும். மனைவியோ மகனோ கடையில் அமர்ந்தால் அவர்களுடைய உழைப்பிற்கும் கூலி எழுத வேண்டும். எழுதாத உழைப்பை நாமே மதிப்பதில்லை. பின்னர் ஊர் எப்படி மதிக்கும்?

இதற்கு இரண்டு ஏடுகள் போதும். ஒன்று நாளேடு: வந்த பணம், போன பணம், இரவு கல்லாவில் நின்ற இருப்பு. மற்றொன்று பற்று வரவு ஏடு: யார் நமக்குத் தரவேண்டும், நாம் யாருக்குத் தரவேண்டும். கடை சாத்தும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால் நாளேடு முடிந்துவிடும். எண்ணிப் பார்த்த பணமும் எழுதிய இருப்பும் ஒத்துவராவிட்டால் அன்றிரவே காரணம் தேட வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. மாதம் ஒருமுறை கடையிலுள்ள சரக்கை எண்ணி, அதன் கொள்முதல் மதிப்பை எழுத வேண்டும். கையிலுள்ள பணம், சரக்கின் மதிப்பு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, நாம் தரவேண்டியதைக் கழித்தால் எஞ்சுவது முதல். சென்ற மாதத்தைவிட அது வளர்ந்ததா, தேய்ந்ததா என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். இன்று கைப்பேசி வழியாகப் பலர் பணம் செலுத்துகின்றனர். அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாமல் வங்கியில் விழுகிறது. அதையும் நாளேட்டில் சேர்க்க மறக்கலாகாது.

அடக்க விலை அறிதல்

இரண்டாவது பழக்கம், விற்குமுன் அடக்க விலையை அறிவது. நம் மலையின் மிளகையே எடுத்துக் கொள்வோம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து பறித்த பச்சை மிளகை உலர்த்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இளைஞர் ஒருவர் 30 கிலோ பச்சை மிளகைக் கிலோ 200 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். இவ்விலைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் சொல்பவை; சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். அவர் கொடுத்தது 6,000 ரூபாய். உலர்ந்த மிளகு 10 கிலோ. கீழே கொண்டுபோய்க் கிலோ 680 ரூபாய்க்கு விற்று 6,800 ரூபாய் பெறுகிறார். 800 ரூபாய் இலாபம் என்று மகிழ்ந்து வருகிறார்.

நாம் கணக்கெழுதிப் பார்ப்போம். சாக்குக்கும் பேருந்துக்கும் சுமைக்கும் 250 ரூபாய் போயிற்று. எஞ்சியது 550. காம்பு நீக்கி, வெயிலில் பரப்பி, மழை வந்தால் ஓடி வாரி, கீழே சென்று விற்று வந்ததெல்லாம் சேர்த்து நான்கு நாள் உழைப்பு. நாளொன்றுக்கு 140 ரூபாய்கூடத் தேறவில்லை. கூலி வேலைக்குச் சென்றிருந்தால் இதைவிட மிகுதியாகக் கிடைத்திருக்கும். அப்படியானால் மிளகு வியாபாரம் கூடாதா? கூடும். அதே பயணத்தில் 10 கிலோவுக்குப் பதிலாக 40 கிலோ கொண்டு சென்றால் பயணச் செலவும் விற்கச் செலவிட்ட நாளும் நான்காகப் பங்கிடப்படும். அல்லது வாங்கும்போதே இதற்குமேல் விலை கொடுத்தால் கட்டாது என்று சொல்லத் தெரிய வேண்டும். இரண்டையும் கணக்கே கற்பிக்கும்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் வாழையும் வந்து குவிவதை நாம் கண்டிருக்கிறோம். காலையில் உள்ள விலை மாலையில் இருப்பதில்லை. பழுத்த பழத்தை மறுபடியும் சுமந்து செல்ல முடியாது என்பது கொள்முதல் செய்பவருக்குத் தெரியும். காத்திருக்க முடியாதவன் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியவனாகிறான். மிளகும் சாமையும் காத்திருக்கும், பழம் காத்திருக்காது. ஆதலால் அழுகும் பொருளில் கைவைப்பவர், விற்காமல் போகும் பங்கையும் அடக்க விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நம் கண்ணெதிரே மற்றொரு பாடமும் உண்டு. மரவள்ளிப் பயிர் பெருகியதால் இம்மலையில் சாமையும் தினையும் குறைந்து வந்தன. அவற்றை உரலில் குற்றி உமி நீக்கும் கடுமையான வேலையும் பெண்கள் தலையிலேயே இருந்தது. 1990-களிலிருந்து இங்குப் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன், பழங்குடிச் சகோதரிகள் குழுக்களாகச் சேர்ந்து உமி நீக்கும் எந்திரங்களை நடத்தி, சிறுதானியங்களைப் பக்குவம் செய்து விற்கத் தொடங்கினர். மூட்டையாக விற்பதைப் பக்குவப்படுத்திப் பொட்டலமாக விற்றால் கூடுதல் விலை உண்டு. ஆனால் எந்திரத்திற்குத் தேய்மானம் உண்டு, மின்கட்டணம் உண்டு, பொட்டலத்திற்கு விலை உண்டு, உணவுப் பொருள் விற்பதற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிய பின்னரே கூடுதல் விலை இலாபமாகும்.

கடன் கொடுத்தல்

மூன்றாவது, கடன் கொடுப்பதில் கட்டுப்பாடு. "கடன் அன்பை முறிக்கும்", "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதித் தொங்கவிடாத கடை இல்லை. ஆனால் அந்தப் பலகையின் கீழேயே கடன் கொடுக்காத கடையும் இல்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் வறுமையில் வாடிய நெசவாளர் முதலிய 28 தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு முதலிய சில பொருள்களே இருந்தன. அக்காலத்தில் கலப்படமும் குறைந்த எடையும் மலிந்திருந்தன; தொழிலாளர் கடைக்காரர்களிடம் கடன்பட்டுக் கிடந்தனர். இவர்களோ, கலப்படமற்ற பொருள், சரியான எடை, கைமேல் காசு என்னும் விதிகளைக் கடைப்பிடித்தனர். கணக்கை உறுப்பினர் முன் வைத்தனர். இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அந்தக் கடையே முன்மாதிரியாயிற்று. நம் கழகம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு: 1850-களில் அவர்கள் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர்.

நம் தெருவில் கடனே இல்லாமல் கடை நடத்துவது கடினம். வாடிக்கையாளர் வாரக் கூலி வாங்குபவர். சனிக்கிழமைதான் அவர் கையில் பணம் புழங்கும். ஆகவே கடனுக்கு வரம்பு வைப்போம். ஒரு வாரக் கூலிக்குள் அடங்கும் தொகையே ஒரு குடும்பத்திற்கு வரம்பு. பழைய பாக்கி தீர்ந்த பிறகே புதிய கடன். கொடுக்கும்போதே எழுத வேண்டும். எழுதியதை வாங்குபவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாத ஒருவரின் பெயரில் ஒரு ரூபாய் கூட்டி எழுதினாலும், நம் பாட்டனாருக்கு அன்று இழைக்கப்பட்ட அநீதியை நாம் இன்று இழைத்தவர்களாவோம்.

உறவினர்தாம் இதில் பெரிய சோதனை. மாமன் கேட்டால் எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். "மாமா, வரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான், என் வீட்டிற்கும் அதுதான்" என்று ஏட்டை எடுத்துக் காட்டுங்கள். ஏட்டில் தம் வீட்டிற்கும் வரம்பு எழுதியவன் சொல்லை உறவினரும் மதிப்பர். என் தமையனாரின் ஏட்டில் அந்த வரி இல்லை.

தராசு

நான்காவது, தராசின் நேர்மை. எடையும் அளவும் அளப்பவர் கையில் இருந்ததால் நம் மக்களும் இம்மலையின் பழங்குடி மக்களும் நெடுங்காலம் இழந்தது மிகுதி. இன்று நம் இளைஞர் சிலர் மலைக் கிராமங்களுக்குச் சென்று மிளகும் காப்பியும் கொள்முதல் செய்கின்றனர். இப்போது தராசு நம் கையில். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை பெற வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. முத்திரை பெறுவது சட்டத்திற்காக. ஆனால் அந்தத் தராசின் எண்கள் விற்பவர் கண்ணுக்குத் தெரியுமாறு திருப்பி வைப்பது நம் மனச்சான்றுக்காக. சாக்கின் எடையென்று கழிப்பதையும் சொல்லிக் கழிக்க வேண்டும். ஒருமுறை ஏமாந்த மலைக்குடும்பம் மறுபருவத்தில் வேறு வியாபாரியைத் தேடும். நேர்மையான எடைக்குக் கிடைக்கும் ஊதியம் அடுத்த ஆண்டுதான் ஏட்டில் ஏறும். ஆனால் அது தவறாமல் ஏறும்.

கடன் வாங்குதல்

ஐந்தாவது, கடன் வாங்குவதில் விழிப்பு. தண்டல் கடனைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி 9,000 ரூபாய் கையில் தருகிறார்கள். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறோம். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்று தோன்றுகிறது. ஆனால் நூறு நாளும் 9,000 ரூபாய் நம் கையில் இருப்பதில்லை. நாள்தோறும் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாக 4,500 ரூபாய்தான் நம்மிடம் நின்றது. அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது! இந்த வட்டியைக் கட்டி மீதி நிற்கும் சிறுகடை எங்குள்ளது? அளவுகடந்த வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே வந்தது. எனினும் அவசரம் நம்மைத் தண்டல்காரரிடமே அழைத்துச் செல்கிறது.

அந்த அவசரத்தைச் சேமிப்பே தடுக்கும். அன்றைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், 1989-இல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. சிறுதொகை சேமித்து, கூட்டந்தோறும் கணக்கைப் பலர் முன் படித்து, தமக்குள் கடன் கொடுத்துக் கொண்ட அந்த முறையே பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. நம் தாய்மார்கள் பலருக்குக் கணக்கேடு பழக்கமானது அக்குழுக்களில்தான். கடை வைக்கும் மகன் முதலில் தன் தாயிடம் கணக்கெழுதக் கற்கலாம். அதில் வெட்கம் இல்லை.

அரசின் உதவிகளும் உண்டு. 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் நம் மக்களின் தொழில்களுக்கு மானியத்துடன் கடன் பெற வழி செய்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் தொழில் தொடங்கத் திட்ட மதிப்பில் நூற்றுக்கு 35 வீதம் மானியமும், கடன் வட்டியில் நூற்றுக்கு 6 வீதம் தள்ளுபடியும் தருவதாக அறிவிக்கப்பட்டது. இவ்வுதவிகளைப் பெறுவது நம் உரிமை. ஆனால் மானியத்தை இலாபம் என்று எண்ணி உண்டுவிட்டவர் கடை மூடுவதை நாம் கண்டிருக்கிறோம். கடனும் மானியமும் எந்திரமாகவும் சரக்காகவும் நின்றால்தான் அவை நம்முடையவை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பெயரில் மானியக் கடன் வாங்கித் தொழிலைத் தாமே நடத்திக் கொள்ள விரும்புவோர் உண்டு. "கையெழுத்து மட்டும் போடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பர். தொழில் அவருடையது, கடன் நம்முடையது. பாட்டனார் வைத்த கைநாட்டுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் பெயரை எவருக்கும் இரவல் கொடாதீர்கள்.

கணக்கு மட்டும் போதுமா?

இதுவரை சொன்னவற்றைக் கேட்ட இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, கணக்கெல்லாம் சரியாக எழுதினேன், ஆனால் என் தேநீர்க் கடைக்கு ஊரார் வரவில்லையே" என்று கேட்டால் நான் என்ன விடை சொல்வேன்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நம்மவரிடம் வணிகம் பேசுவது நேர்மையாகாது.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1917-இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் பணியாற்ற இயலாமல் பம்பாய் வந்து, முதலீட்டு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், தொழில் நின்றது. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். நாட்டின் நாணயத்தையே ஆராய்ந்த பேரறிஞருக்கு ஒரு சிறு தொழிலை நடத்தச் சாதி இடம் தரவில்லை. அங்கே குறை அவருடைய கணக்கில் இல்லை.

ஆகவே கடை மூடப்பட்டால் அதற்குக் காரணம் கணக்கா, சாதியா என்பதை நாம் அறிய வேண்டும். நாளேடு எழுதியவனுக்கே அது தெரியும். விற்பனை சிறிது சிறிதாகக் குறைந்து, பாக்கி ஏறியிருந்தால் குறை நம்முடையது, திருத்திக் கொள்ளலாம். நாளொன்றுக்கு 2,000 ரூபாய் விற்ற கடையில், ஊரில் ஒரு தகராறு நடந்த மறுநாளிலிருந்து 300 ரூபாயாக விற்பனை வீழ்ந்தால், அது வேறொன்றைச் சொல்லும். நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு எத்தொழிலையும் வணிகத்தையும் நடத்தும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின்படி நம் மக்கள்மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். வழக்கென்று வந்தால் தேதியிட்ட நாளேடு நமக்காகப் பேசும். "நன்றாக நடந்தது, திடீரென்று நின்றுவிட்டது" என்னும் வாய்மொழியைவிட நாள்தோறும் எழுதிய ஏட்டிற்கு வலிமை மிகுதி.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே! நான் சொன்னவற்றுள் புதுமை ஒன்றும் இல்லை. கடைப் பணத்தைப் பிரித்து வை, அடக்க விலை அறி, கடனுக்கு வரம்பு வை, தராசை நேராகப் பிடி, வட்டியை எண்ணிப் பார் என்பவையெல்லாம் எந்த வணிகரும் சொல்லக்கூடியவை. வணிகம் செய்த வீடுகளில் குழந்தைகள் இவற்றைத் திண்ணையில் அமர்ந்தே கற்றுவிடுகின்றனர். நமக்கு அந்தத் திண்ணை இல்லை. நம் கழகம் அந்தத் திண்ணையாகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம் கழகத்தின் படிப்பகத்தை இதற்கென ஒதுக்குங்கள். நம்மவரில் கடை வைத்திருப்போர், சந்தையில் விற்போர், தையல் தைப்போர், ஆட்டோ ஓட்டுவோர் தத்தம் ஏட்டுடன் வரட்டும். கழகத்தால் படித்த பட்டதாரிகள் எதிரில் அமர்ந்து கூட்டிப் பார்த்துத் தரட்டும். எவருடைய கணக்கையும் வெளியில் பேசுவதில்லை என்று உறுதி பூணட்டும். ஏடு இல்லாமல் வருபவருக்குக் கழகமே ஓர் ஏடு வழங்கட்டும். அதன் விலை ஒரு தேநீர்ச் செலவைவிடச் சற்றே மிகுதி. முதல் ஆறு மாதத்திற்கு ஞாயிறுதோறும் நானும் வந்து அமர்வதாக இந்த அவையின் முன் வாக்களிக்கிறேன்.

படித்த இளைஞர்களே, உங்களிடம் தனியாக ஒரு சொல். உங்கள் அண்ணனோ அக்காளோ சிறிய தந்தையோ எங்கேனும் ஒரு சிறு கடை நடத்திக் கொண்டிருப்பார்கள். "எனக்கென்ன, நான் பட்டதாரி" என்று அந்தக் கடையைக் கடந்து செல்லாதீர்கள். இன்றிரவே சென்று அருகில் அமர்ந்து, "ஏட்டைக் கொடுங்கள், கூட்டிப் பார்ப்போம்" என்று கேளுங்கள். கடை திறந்திருக்கும்போதே கேளுங்கள். மூடிய பிறகு கூட்டிப் பார்த்தவன் நான்.